கரைக்கு வந்த மஞ்சள் போயா

கடல்ல மிதக்குற அந்த மஞ்சள் உருண்டையைக் கிட்ட போய்ப் பார்க்க முடியுமான்னு போன பதிவுக்குக் கீழே நாலு பேர் கேட்டிருந்தீங்க. முடியும். கார்த்திகை கடைசியில ஒரு புதன்கிழமை நான் பார்த்துட்டு வந்தேன். ஆனா நான் போனது வேடிக்கை பார்க்க இல்ல.

தெரியாதவங்களுக்காக: அதை எங்க கடலோரத்துல போயாம்பாங்க. நங்கூரம் போட்டு நிக்கிற மிதவை. அலை எவ்வளவு உயரம், காத்து எந்தப் பக்கம், தண்ணி எவ்வளவு சூடுன்னு அளந்து, வானத்து வழியா சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். எல்லாம் அரசாங்கக் காசு, அதாவது நம்ம காசு. நான் ஆறாங்கிளாஸைத் தாண்டாதவன், எனக்கு இது போதும். மீன்காரங்களுக்கு அது வேற. அடியில பாசி பிடிக்கும், பாசிக்குக் குஞ்சு மீன் வரும், குஞ்சுக்குப் பெரிய மீன் வரும். அதனால போயாவுல கயிறைக் கட்டி, படகை நிறுத்தி, தூண்டிலைப் போட்டுட்டு ஒரு தூக்கமும் போடுவாங்க. கட்டக்கூடாதுன்னு போர்டு இருக்கு. போர்டைப் படிக்கிற தூரத்துக்குப் போனவன் கட்டாம வருவானா?

நம்ம வேலுவோட தம்பி செந்திலும் அப்படிக் கட்டுறவன்தான். வேலு கிளிஞ்சல்மேட்டுக்காரர், அவர் மீனை மார்க்கெட்டுக்கு ஏத்துறது என் லோடு ஆட்டோதான். தீபாவளி கழிஞ்ச வாரம் கூட்டாளிங்க ரெண்டு பேரும் கல்யாணத்துக்குப் போயிட்டதால செந்தில் தனியா ஃபைபர் படகுல போனான். சாயங்காலம் கடல் புரண்டுச்சு. ஆளும் வரல, படகும் வரல. தேடாத இடமில்ல. அதே புயல்ல போயாவும் நங்கூரம் அறுந்து காணாமப் போச்சு. அதை மட்டும் ஆராய்ச்சிக் கப்பல் கண்டுபிடிச்சுத் துறைமுகத்துல இறக்கியிருக்கு, அதுல ஒரு கயிறு தொங்குதுன்னு சேதி வந்ததும் வேலு என்னைக் கூப்பிட்டார்.

வரிச்சிக்குடியில காலையில எட்டரைக்குக் கிளம்பினேன். முன்னூறு ரூபாய்க்கு டீசல். (விலை கம்மின்னு பக்கத்து மாவட்டத்துக்காரங்க நம்ம ஊருக்கு வந்து டேங்க்கை நிரப்பிட்டுப் போறாங்க, நாம அரை டேங்க்ல ஓட்டுறோம்.) கிளிஞ்சல்மேட்டுல வேலுவை ஏத்தும்போது செந்தில் பொண்டாட்டி வசந்தி வண்டிக்கிட்ட வந்துச்சு. கழுத்துல தாலி அப்படியே இருந்துச்சு. அது விஷயமா வீட்டுல பெரியவங்க ஒரு மாசமா முணுமுணுத்துக்கிட்டிருக்காங்க.

“கயிறு நுனியைப் பாருங்க மாமா. கத்தியால அறுத்திருந்தா அவரு படகை விடுவிச்சுக்கிட்டு எங்கயோ தப்பிச்சுப் போயிருக்காரு. உடனே போன் பண்ணுங்க.”

“இல்லன்னா?” வேலு கேட்டார்.

“இல்லன்னா போன் வேணாம் மாமா. வீட்டுக்கு வாங்க.”

போற வழியில நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இல்ல. “என்ன வேலு, மாப்பிள்ளை பார்க்கப் போற மாதிரி வெள்ளைச் சட்டை?” அவர் சிரிச்சார். “ஆபீஸ்ல உள்ள விடணும்லண்ணே.” அன்னிக்கு அவர் சிரிச்சது அது ஒண்ணுதான்.

துறைமுக வாசல்ல ஆதார் கேட்பாங்க. கட்டணம் கிடையாது. ஷெட்டுக்கு வெளியே போயா ஒருக்களிச்சுக் கிடந்துச்சு. ரெண்டு கல்யாண அண்டாவை ஒட்ட வெச்ச மாதிரி இருக்கு. மேல சேதி அனுப்புற கம்பி வளைஞ்சு, சோலார் தகடு ஒண்ணு பிஞ்சு தொங்குது. கையெல்லாம் கிரீஸோட ஒரு இன்ஜினியர் அம்மா அதைக் கழட்டிக்கிட்டிருந்தாங்க. வெளியூர்ல இருந்து அதுக்காகவே வந்திருக்காங்க. பார்க்க வந்தோம்னதும் பொரிஞ்சு தள்ளிட்டாங்க.

“நல்லா பாருங்க. எவனோ படகைக் கட்டி இழுத்து கம்பியை வளைச்சிருக்கான். அலை ஏறுற நேரத்துல சேதி நின்னு போச்சு. கரையில மைக்ல சொல்றாங்களே, கடலுக்குப் போகாதீங்கன்னு, அதுக்குச் சேதி கொடுக்க இந்தப் பக்கம் இருந்தது இது ஒண்ணுதான்.”

வேலு குனிஞ்சு கயிறைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பச்சைக் கயிறு. இரும்பு வளையத்துல உரசி அறுந்துடாம இருக்க, முடிச்சுக்குள்ள ஒரு துணி சுத்தியிருந்துச்சு. ஊதாச் சேலை, மாங்கா பார்டர். வசந்தியோட பழைய சேலை. எல்லாரும் சாக்கைத்தான் சுத்துவாங்க. “பொண்டாட்டி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுதான் கடலுக்கே போவியாடா”ன்னு நான் எத்தனை தடவை அவனைக் கிண்டல் பண்ணியிருக்கேன். “ஆமாண்ணே, பிடி நல்லா இருக்கு”ம்பான்.

முடிச்சு அப்படியே இருந்துச்சு. நுனியை வேலு உள்ளங்கையில வெச்சுப் பார்த்தார். கத்தி பட்டா நறுக்குன மாதிரி நேரா இருக்கும். இது பிரி பிரியா பிஞ்சு பஞ்சாயிருந்துச்சு.

“எங்க கயிறு மேடம். என் தம்பி கட்டினது.”

அந்தம்மா கையில இருந்த ஸ்பேனரைக் கீழே வெச்சாங்க. “தம்பி எங்க?”ன்னு கேட்டவங்க, எங்க மூஞ்சியைப் பார்த்ததும் நிறுத்திக்கிட்டாங்க. அப்புறம் மெதுவா, “நான் ரிப்போர்ட் எழுதணும். யாரு கயிறுன்னு தெரியலன்னு போட்டுடறேன். இல்லன்னா உங்களுக்குத்தான் தொல்லை”ன்னாங்க.

“வேணாம் மேடம். அவன் பேரைப் போடுங்க. அவன் அங்க இருந்தான்னு எதுலயாவது இருக்கட்டும்.”

கயிறைக் கேட்டோம். அது ஆபீஸ் சாமானாம், தர முடியாதாம். ஆனா முடிச்சுல இருந்த சேலைத் துணியை அவங்களே பிரிச்சு எடுத்து, காகிதத்துல சுத்திக் கொடுத்தாங்க.

இடம் பார்க்கப் போறவங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிடறேன், வீடு வந்து சேர்ந்த பிறகு முடியாது. பத்து மணிக்கு மேல போங்க, பகல் ஒண்ணுக்கு முன்னாடி வந்துடுங்க, நிழல் கிடையாது. கேட்டுட்டுப் படம் எடுங்க. தைக்கு அப்புறம் அதைத் திரும்பக் கடல்ல விட்டுடுவாங்களாம். படகு வெச்சிருக்கிறவங்களைத் தெரிஞ்சா கூட்டிட்டுப் போங்க, அந்த வளைஞ்ச கம்பியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க. நாம கட்டுற கயிறு, கடல்ல இருக்கிற அத்தனை பேரோட காதையும் அடைக்குது. அன்னிக்கு செந்தில் காதையும்தான்.

திரும்பி வரும்போது வழியில டீ குடிக்கல. வேலு போனைச் சட்டைப்பையில வெச்சிருந்தார், எடுக்கல. கிளிஞ்சல்மேட்டுக்குள்ள வண்டி நுழையும்போது வசந்தி வாசல்ல நின்னுச்சு, கையில போன். நான் இன்ஜினை அணைச்சேன். போன் அடிக்காம வண்டி வந்துடுச்சு. வசந்தி போனை வாசப்படியில கவுத்து வெச்சுட்டு, வேலு கையில இருந்த அந்தக் காகிதப் பொட்டலத்துக்காகக் கையை நீட்டுச்சு.