முன்னணி மருத்துவ நிலையத்தில் எத்தனை கட்டில்?

போன செவ்வாய்க்கிழமை கொழும்பில் குளிரில் நடுங்கினேன். நம்புவீர்களா? ஹட்டன் பக்கத்துக் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் திரிகிற ஆள் நான். ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் ஏ.சி. என்னை ஒரு வழி பண்ணிவிட்டது.

எனக்கு நோய் எதுவும் இல்லை. தங்கை மகள் நிரோஷாவுக்கு அங்கே நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ. துணைக்கு மாமா.

வட்டவளைக்குப் பக்கத்தில், எங்கள் ஊரில் இருக்கும் சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு வருடமாக வேலை செய்கிறாள் அவள். பன்னிரண்டு கட்டில், ஒரு டொக்டர். ஐ.சி.யூ.வில் வேலை பழக வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. ஏற்கெனவே இரண்டு பெரிய இடங்களில், "அப்படி ஓர் ஆஸ்பத்திரி இருக்கா?" என்று கேட்டே அனுப்பிவிட்டார்கள். இதுவும் கிடைக்காவிட்டால் இனி முயற்சி செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தாள்.

விடுவேனா? பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் வீட்டில் இருக்கும்போது அவளுடைய சீவி, அதாவது சுயவிவரக் குறிப்பு, மட்டும் ஏன் இளைத்துக் கிடக்க வேண்டும்? 'பன்னிரண்டு கட்டில்' என்பதை வெட்டினேன். 'மலையகத்தின் முன்னணி மருத்துவ நிலையம்' என்று போட்டேன். அவள் முகம் சுளித்தாள். நான் கண்டுகொள்ளவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"என்ன புள்ள கேட்டாங்க?"

"மேட்ரன் சிங்களத்துல பேசினாங்க மாமா. முதல் கேள்வியே, முன்னணி நிலையத்துல எத்தனை கட்டில்னு."

"நீ என்ன சொன்ன?"

"பன்னிரண்டுன்னேன். அந்த வரி எங்க மாமா எழுதினதுன்னும் சொல்லிட்டேன்."

அந்த ஏ.சி.யிலும் எனக்கு வியர்த்தது.

"பொறகு, ஒரே நேரத்துல எத்தனை நோயாளியப் பார்ப்பீங்கன்னு கேட்டாங்க. சாதாரண நாள்லயா, குளவி கொட்டுற நாள்லயான்னு கேட்டேன்."

கொழும்பு மேட்ரனுக்குக் குளவி தெரியுமா? நிரோஷா விளக்கியிருக்கிறாள். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பத்தொன்பது பேரைக் குளவி கொட்டி, ஒரே லொறியில் கொண்டுவந்து இறக்கிய நாள் அது. டொக்டர் ஹட்டனுக்குப் போயிருந்தார். அவர் போனில் சொல்லச் சொல்ல, இவளும் ஓர் அட்டெண்டன்டும்தான் எல்லாம் செய்திருக்கிறார்கள்.

"கத்துறவங்கள விட்டுட்டு, சத்தமே போடாம இருந்தவங்களத்தான் முதல்ல பார்த்தேன்னு சொன்னேன். கத்துறவங்களுக்கு மூச்சு இருக்குல்ல மாமா? அதுக்கப்புறம் மேட்ரன் சீவியப் பார்க்கவே இல்ல."

பத்தொன்பது பேரும் பிழைத்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதில் இவள் செய்தது எனக்கு அன்றுவரை தெரியாது. ஒரே ஊரில் இருந்துகொண்டு, இதை விட்டுவிட்டு 'முன்னணி' என்று எழுதியிருக்கிறேன்... வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. நேராக ஐ.சி.யூ.வுக்கே.

அப்படியானால் ஆஸ்பத்திரியின் பெயர் முக்கியமில்லையா? பொய் சொல்ல மாட்டேன், முக்கியம்தான். பெயர் இல்லாததால்தானே இரண்டு இடத்தில் வாசலோடு அனுப்பினார்கள்? இந்தப் பெயரோடு மூன்று வருடம் இருந்தால் அவள் எந்த நாட்டுக்கும் போகலாம். ஆனால் பெயர் ஊசி போடாது, கைதான் போட வேண்டும். அந்தக் கை பழகியதெல்லாம் பன்னிரண்டு கட்டிலில்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள் — எந்த ஆஸ்பத்திரி? பெயரைச் சொன்னதும் வாயைப் பிளந்தார்கள். பலசரக்குக் கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்கள் நானா, மட்டும் சீனி நிறுத்துக்கொண்டே வேறு கேட்டார்.

"நல்ல விஷயம் சேர். அந்தப் புள்ள போனா, இங்க இனி யாரு?"

சீவியைத் திருத்தினேன், கூடவே கொழும்புக்கும் போனேன், அவளை அனுப்பிவைக்க அத்தனையும் செய்தேன். இந்தக் கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. கொழும்புக்கு ரயிலில் ஐந்து மணி நேரம்.

எனக்கோ பிரஷர் வேறு இருக்கிறது.