வெள்ளை பிளாஸ்திரி ஒட்டிய காப்பி கேசட்

போன மாதம் மகன் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தான். சின்ன வயதில் ஆடிய வீடியோ கேம்களை எல்லாம் தேடி வாங்கிச் சேர்க்கும் பழக்கம் இப்போது அவனுக்கு வந்திருக்கிறது. "ஒரிஜினல் கேசட் கெடைக்க மாட்டேங்குதுப்பா. காப்பிதான் நெறைய வருது. அம்மாவுக்கு நீங்க ஒண்ணு வாங்கினீங்களே, அது எப்படி இருந்துது? வாங்கலாமா?" என்று கேட்டான். "அதுவா, ஏமாத்து வேலை" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். நான் சொன்னது பொய். 2006-லிருந்து அதே பொய்யைச் சொல்லி வருகிறேன்.

நான் வேதியியல் படித்தவன். மரக்காணத்தில் உப்பு வாங்கும் வியாபாரிகளுக்காகத் தரம் பார்த்துச் சொல்லும் வேலையில் முப்பது வருடம் இருந்தேன். அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது, அம்பாரத்தின் மேலே தெரியும் உப்பை நம்பக்கூடாது என்பதுதான். மேலே வெள்ளையாக, மணி மணியாகப் பரப்பி வைத்திருப்பார்கள். கையை முழங்கை வரை விட்டு நடுவிலிருந்து அள்ளினால் சேறு கலந்து வரும். எங்களுக்குள் இதற்கு 'மேல் உப்பு' என்று பெயர். யாராவது இனிக்க இனிக்கப் பேசினால், "மேல் உப்பு காட்டறான்" என்போம். ஓய்வு பெற்ற பிறகும் காய்கறிக் கூடையில் மேலே கிடக்கும் கத்தரிக்காயை நான் எடுத்ததில்லை.

என் மனைவி பிரம்மதேசத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். உப்பளத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் கீரை விதைத்தால்கூட இரண்டு இலை விட்டதும் கருகிவிடும். கல்யாணமாகி வந்த முதல் மூன்று வருடம் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மகன் வெளிநாடு போகும்போது தன் வீடியோ கேம் செட்டையும் ஒரு கேசட்டையும் வீட்டில் விட்டுப் போனான். கல்லும் மரக்கட்டையுமாகக் கிடக்கும் தரிசு நிலத்தைத் திருத்தி, உழுது, பயிர் வைத்து, மாடு வளர்க்கும் ஆட்டம் அது. மூட்டுவலியால் வெளியே போக முடியாமல் இருந்தவள் ஒரு மதியம் அதை எடுத்து ஆட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு மதியங்களில் என்னிடம் பேச்சே இல்லை. டீ கேட்டால், "சும்மா இருங்க, மழை வர்றதுக்குள்ள வைக்கோல உள்ள சேக்கணும்" என்பாள். ஆடி முடித்து அன்றைய நிலவரத்தைப் பதிந்து வைத்ததும், "கொல்லையப் பூட்டிட்டேன்" என்று சொல்லி எழுந்திருப்பாள்.

உப்புக் காற்று எதையும் விடாது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த மறு வருடம் அந்தக் கேசட்டின் பித்தளைப் பற்கள் பச்சை பூத்து, எவ்வளவு துடைத்தும் படம் வராமல் போயிற்று. குயிலாப்பாளையத்தில் ஒரு டிவி மெக்கானிக் கடையில் பழைய கேசட் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போகும் சாமான்கள் அங்கே வந்து சேரும். இருவரும் போனோம். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். அதே ஆட்டத்தின் கேசட் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது ஒரிஜினல் இல்லைங்க சார். காப்பி. சிப்பு சென்னையிலேர்ந்து வரும். நாந்தான் பேட்டரி போட்டு மூடுவேன்."

"காப்பின்னு நீயே சொல்றியேப்பா?"

"சொல்லாம குடுத்தா நாளைக்கு நீங்க வந்து கேக்க மாட்டீங்களா?"

"ஒரிஜினல் கெடைக்காதா?"

"ஒரு வெள்ளக்காரர்கிட்ட இருக்குது. ஆனா உள்ள இருக்கற பேட்டரி பத்து வருஷத்துப் பேட்டரி. இன்னிக்குப் போவுமோ நாளைக்குப் போவுமோ. அது போச்சுன்னா ஆடி வச்சது பூரா போச்சு. இது புதுசு, அஞ்சாறு வருஷம் கவலையில்ல. லேபிள் மட்டும் கொஞ்சம் மங்கலா இருக்கும்."

நான் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் மனைவி சிரித்தாள். "அவரு உப்பு பாக்கற ஆளுப்பா. என்னையே ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போயிதான் கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டாரு."

"ரெண்டாவது தடவ பாஸாயிட்டீங்களாம்மா?" என்றார் அவர்.

வாங்கி வந்தோம். அவள் முதலிலிருந்து கல் பொறுக்கி, கட்டை வெட்டி, பதினான்கு மாதத்தில் பழைய கொல்லையைவிடப் பெரிதாக ஒன்றை உண்டாக்கினாள். தன் அப்பா வீட்டில் இருந்த பசுக்களின் பெயர்களையே அதில் இருந்த மாடுகளுக்கும் வைத்தாள். கேசட்டில் எந்தக் குறையும் இல்லை.

குறை இல்லாததே எனக்கு உறுத்தியது. தன் சரக்கைத் தானே காப்பி என்று சொல்லி விற்றவனை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. சின்னக் குறையைச் சொல்லிப் பெரிய குறையை மறைக்கிறான் என்று கணக்குப் போட்டேன். பழைய கேசட்டையும் இதையும் என் தராசில் வைத்துப் பார்த்தேன். இது எடை குறைவு. பழையதில் யாரும் எளிதில் திறக்க முடியாத தனி மாதிரி ஸ்க்ரூ இருந்தது. இதில் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ. இரண்டையும் அவளிடம் காட்டினேன். "பயிரு வெளையுதா இல்லியா? அத்தப் பாருங்க" என்றாள்.

ஒரு நாள் அண்ணன் மகளின் வளைகாப்புக்கு அவள் பிரம்மதேசம் போனாள். காலை பத்து மணிக்கு நான் கேசட்டைத் திறந்தேன். உள்ளே கறுப்பாக ஒரு சிப்பு இருந்தது. பக்கத்தில் கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற வட்டப் பேட்டரி ஒன்று, ஈயம் வைத்துப் பற்றவைக்காமல், நீல நிற டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. அகப்பட்டான் என்று நினைத்தேன். செத்த பேட்டரியைத்தான் ஒட்டியிருப்பான் என்று டேப்பைப் பிய்த்துப் பேட்டரியை வெளியே எடுத்து மீட்டரில் வைத்துப் பார்த்தேன். மூன்று வோல்ட் முழுசாகக் காட்டியது. நல்ல பேட்டரி. எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். நீல டேப் மறுபடி ஒட்டவில்லை. மருந்துப் பெட்டியில் இருந்த வெள்ளை பிளாஸ்திரியை வெட்டி ஒட்டி, மூடி, இருந்த இடத்தில் வைத்தேன்.

பேட்டரி போனால் ஆடி வைத்தது பூரா போகும் என்று அவர் எங்கள் இருவர் முன்னாலும்தான் சொன்னார். படித்த எனக்கு அதன் அர்த்தம் தெரியாமல் இல்லை. திறந்தபோது என் மனதில் இருந்தது அவன் திருடன் என்பது மட்டும்தான்.

சாயங்காலம் அவள் வந்து செட்டைப் போட்டாள். கல்லும் கட்டையுமாகத் தரிசு நிலம் வந்து, அவள் பெயரைக் கேட்டது. அணைத்துப் போட்டாள். மூன்று தடவை போட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. கொல்லையக் காணோம்."

"அப்பவே சொன்னேன். காப்பின்னா இப்படித்தான்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது. நான் அதை மாற்றிச் சொல்லவில்லை.

மறுநாள் மூட்டுவலியோடு என்னையும் இழுத்துக்கொண்டு குயிலாப்பாளையம் போனாள். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். "நம்பித்தானே வாங்கினோம்? நாலு மாடுப்பா. ஒரு வருஷத்து வெள்ளாமை. இப்படி ஏமாத்தலாமா?" என்றாள். வந்திருந்தவர்களில் ஒருவர், "மாடு எப்பம்மா வித்தாரு இவரு?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் கேசட்டை வாங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று திறந்தார். நான் பக்கவாட்டில் நின்றதால் எனக்குத் தெரிந்தது. பிளாஸ்திரியை விரலால் ஒரு தடவை தடவினார். என்னைப் பார்த்தார். மூடினார்.

"எம்மேல தப்புதாம்மா. பேட்டரி சரியா உக்காரல" என்றார்.

வேறொரு கேசட் எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். நாங்கள் படி இறங்கும்போது, "சார், இதத் தொறக்கறதா இருந்தா எனக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுத் தொறங்க" என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வந்த பஸ் கீழ்புத்துப்பட்டைத் தாண்டியது. பிறகு, "உங்ககிட்ட எதுக்கு அப்படிச் சொன்னான்?" என்று கேட்டாள்.

"தெரியல."

புதுக் கேசட்டைப் பைக்குள் திணித்தாள். "உள்ள ஏதோ கோளாறு வச்சிருக்கான். அதான் தொறக்க வேணாங்கறான். நீங்க சொன்னது சரிதான். நாந்தான் மேல் உப்பப் பாத்து ஏமாந்துட்டேன்."

என் வார்த்தை அவள் வாயில் வந்தது அன்றுதான் முதல் தடவை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். டிக்கெட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புதுக் கேசட்டை அவள் ஒரு நாளும் போட்டுப் பார்க்கவில்லை. "மறுபடி கல்லு பொறுக்கி எல்லாம் பண்ணுவேன், அதுவும் ஒரு நாள் காணாம போவும்" என்று சொல்லிப் பீரோவில் வைத்தாள். கேட்டவர்களிடம் எல்லாம் அந்தக் கடைக்குப் போகாதீர்கள் என்றாள். பால்காரர் ஊற்றும் பாலை அதுவரை பார்க்காதவள், விரலில் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். இன்றைக்கும் பார்க்கிறாள்.

மகன் கேட்டதற்குப் பதில் இது. காப்பி கேசட் எடை குறைவாக இருக்கும். லேபிள் மங்கும். ஒரிஜினல் போல அதைப் பெருமைக்கு வைத்துக்கொள்ள முடியாது. ஆடுவதற்கு என்றால் தாராளமாக வாங்கலாம். பத்து வருடத்துப் பேட்டரியோடு இருக்கும் ஒரிஜினலைவிட அது பத்திரமானது. காப்பி என்று சொல்லி விற்கும் ஆளிடம் வாங்கு. வாங்கிய பிறகு திறக்காதே. உன் அம்மாவின் கொல்லை கேசட்டின் குறையால் போகவில்லை. நான் திறந்ததால் போயிற்று.

பத்திரிகைக்கு நான் எழுதுவதை எல்லாம் தபாலில் சேர்ப்பதற்கு முன் ஒற்றுப்பிழை பார்ப்பவள் அவள்தான். இதையும் அவளிடம்தான் கொடுக்க வேண்டும். பீரோவிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்து இந்தத் தாள்களின் மேல் வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கும். திறந்து பார்க்கவில்லை.