படலையடியில் ஒரு தண்ணீர் மெசின்

காசு போட்டால் பிளாஸ்டிக் கான் நிறையத் தண்ணீர் தரும் மெசின் ஒன்றை வாங்கிவிட்டு, ஹாட்வெயார் கடையில் பார்த்த வேலையை விட்டேன். தைப்பொங்கலுக்குள் வியாபாரம் பிடிபடாவிட்டால் திரும்பக் கடைக்கே போகவேண்டும் என்று மனைவி சொல்லியிருந்தாள். முதலாளி என் கதிரையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று கேள்வி. இரண்டு பேருக்கும் என்னைப் பற்றி ஒரே அபிப்பிராயம்.

மெசினை எங்கள் வீட்டுப் படலையடியில் பொருத்தினேன். இடம் தெரிவு செய்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை. எங்கள் ஒழுங்கையின் இரண்டு கரையிலும் உள்ள வீட்டுக் கிணறுகளெல்லாம் உப்புச் சவர்; எங்களுடையது ஒன்றுதான் நல்ல தண்ணீர். அதனால் ஒழுங்கைச் சனம் முழுக்கத் தினமும் கானோடு எங்கள் படலைக்கு வரும். வாடிக்கையாளரைத் தேடி அலையத் தேவையில்லை என்று கணக்குப் போட்டேன். அவர்கள் வருவதே கிணற்றில் சும்மா அள்ளத்தான் என்பது அந்தக் கணக்கில் எப்படியோ சேரவில்லை.

சனம் வந்தது. மெசினைத் தடவிப் பார்த்து, நல்ல சாமான் என்று பாராட்டி, நான் முன்னுக்கு வரவேண்டும் என்று வாழ்த்தி, அதைக் கடந்துபோய்க் கிணற்றில் அள்ளிக்கொண்டு திரும்பியது. மெசினுக்குத் தண்ணீர் போனதும் அதே கிணற்றிலிருந்துதான்.

மார்கழி பிறந்ததும் மனைவி படலையைப் பூட்டச் சொன்னாள். தண்ணீருக்கு வருகிறவர்களுக்குப் படலை பூட்டிய வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. ஆனாலும் பூட்டோடு போனேன். முன்வீட்டு மாமி கானோடு நின்றார். பூட்டைச் சாரத்துக்குள் செருகிவிட்டு, நானே அள்ளி நிரப்பிக் கொடுத்தேன்.

“மெசினிலை எடுக்க எனக்கும் விருப்பம்தான் தம்பி,” என்றார் மாமி. “உங்கடை வீட்டிலை தண்ணிக்குக் காசு தந்தனெண்டால், பிறகு நான் எப்பிடி உன்ரை முகத்திலை முழிக்கிறது?”

அந்தக் கிழமையே மெசினை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வெளியூர் மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் ஒழுங்கையில் ஒரு கடை விறாந்தையில் வைத்து, கடைக் கிணற்றிலிருந்து தண்ணீர் இழுத்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இல்லாததால் தண்ணீர் உடனே விற்றது. பொங்கலன்று மனைவி பழைய வேலையைப் பற்றிக் கதைக்கவில்லை. அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஆபத்துத்தான் மிச்சம். எங்கள் ஆட்கள் இரண்டு கேள்வியில் சொந்தம் கண்டுபிடித்துவிடுவார்கள். சொந்தமாகிவிட்டால் காசு வாங்க முடியாது. போன கிழமை கானோடு வந்த பெரியவர் ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார்.

“தம்பி எவடம்?”

“கொழும்பு, ஐயா.”

அவர் நம்பினாரோ தெரியாது. காசைப் போட்டார்.