குபேந்திரன் கேட்டு வாங்கிய நாற்காலி

செய்தி வந்தபோது நான் பரவை மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். போனில் எங்கள் கவுண்டரில் வேலை பார்க்கும் செல்வி. "அண்ணே, குபேந்திரண்ணன் போயிட்டாருண்ணே. பல் விளக்கிட்டு வந்து உக்காந்தவரு அப்படியே சாஞ்சுட்டாராம்." பதிலுக்கு நான் என்ன கேட்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "இன்னைக்கு அவருக்கு எட்டு மணி டூட்டியாச்சே, கவுண்டர்ல யாரு உக்காருறா?" என்றேன். செல்வி போனை வைத்துவிட்டாள்.

அவரைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கே.கே. நகரில் நம் மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் இருக்கும் விசாரணைக் கவுண்டரில் ஏறக்குறைய இருபது வருடம் உட்கார்ந்திருந்தவர் அவர். ஆனையூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். வீட்டுக்குப் போன் போட்டால் சௌராஷ்டிர மொழி, எங்களிடம் மதுரைத் தமிழ். பக்கத்து நாற்காலியில் பல வருடம் நான் இருந்தேன். எனக்கு அவர் அண்ணே. அவருக்கு நான் மாப்ள.

ஒரு நாள் காலையில், தன் அப்பாவின் ஸ்கேன் தாமதமாகிறது என்று ஒருவர் எங்கள் இருவரையும் நிற்கவைத்து வைதார். பைலைத் தூக்கி மேஜையில் அடித்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மத்தியானம் கொண்டுபோன சோற்றை நான் தொடவில்லை. வயிற்று எரிச்சலுக்கு நான் மாத்திரை போடத் தொடங்கியது அன்றுதான். குபேந்திரன் அன்று புளியோதரையை ரசித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, மாடி ஏறிப்போய் அந்த மனிதரின் அப்பாவையும் பார்த்துவிட்டு வந்தார். "அவரு நம்மளை வையலை மாப்ள. நாம அங்கன இருந்தோம், அம்புட்டுத்தான்" என்றார். ஒரே மேஜை, ஒரே சம்பளம், ஒரே வசவு. எனக்குப் புண்ணானது அவருக்கு ஏன் படவில்லை என்று அப்போது எனக்குக் கோபம்கூட வந்தது.

பிறகு அவரைக் கவுண்டருக்கு இன்சார்ஜ் ஆக்கினார்கள். அந்த இடத்துக்கு நானும் எழுதிக் கொடுத்திருந்தேன். பொறாமையை மறைத்துக்கொண்டு கை கொடுத்தேன். ஜன்னலில்லாத உள்ளறையில் அவருக்கு ஒரு மேஜை. டூட்டி சார்ட் போட வேண்டும், லீவு பார்க்க வேண்டும், தாமதமாக வந்தவர்களுக்கு மெமோ எழுத வேண்டும். மூன்றே மாதத்தில் மனிதர் வற்றிவிட்டார். லீவு கேட்ட யாருக்கும் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கவுண்டரில் ஆளில்லாமல் போனதும் தானே போய் உட்கார்ந்தார். அதற்கு மேனேஜரிடம் வசவு. எத்தனை வசவுக்கும் அசையாத மனிதருக்கு ரத்த அழுத்தம் ஏறியது.

தாமதமாக வந்த செல்விக்கு மெமோ எழுதச் சொன்ன நாளை மறக்க முடியாது. நாலு தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"மாப்ள, அந்தப் பிள்ளை மாமியாரைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிட்டு ஓடி வருது. இதைத் தெரிஞ்சுக்கிட்டு எப்படி எழுதுறது?"

"உங்களை யாரு அதையெல்லாம் விசாரிக்கச் சொன்னது? ஒரு தாள் எழுதத் துணிச்சல் இல்ல, உங்களுக்கு எதுக்குண்ணே இன்சார்ஜு?"

நாலு பேர் கேட்கத்தான் சொன்னேன். அவர் உள்ளறைக்குத் திரும்பிப் போனார். மறுநாள் மேனேஜர் அறைக்குப் போகும்போது என்னையும் உடன் அழைத்தார். எதற்கென்று தெரியாமல் பின்னால் போனேன்.

"சார், என்னைப் பழையபடி கவுண்டருக்கே போட்டுருங்க."

"கொடுத்த பதவியை வேணாம்னு யாராவது கீழ எறங்குவாங்களா?"

"எறங்கலை சார். என் எடத்துக்குப் போறேன். இந்த ரூமுக்கு இவன்தான் சரி. ஆளுகளைக் கண்டா இவனுக்கு வயிறு எரியும். பேப்பரைக் கொடுங்க, நிம்மதியா இருப்பான்."

முந்தின நாள் நான் பேசிய பேச்சுக்கு அவர் தந்த பதில் அதுதான். அவர் கவுண்டருக்குத் திரும்ப, நான் இன்சார்ஜ் ஆனேன்; அவர் சொன்னது அப்படியே நடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கட்டம் போட்ட தாளுடன் உட்கார்ந்த பிறகு நான் மாத்திரையை நிறுத்தினேன். அவருக்கு மட்டும் அது அவ்வளவு எளிதாக முடியவில்லை. கேன்டீனில் "ஃபெயிலாயிட்டாரு" என்றார்கள். சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லியிருந்த அவர் மனைவி பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஒரு தடவை நானே கேட்டேன், வருத்தமில்லையா என்று. "கஷ்டமில்லாத வேலை எங்க இருக்கு மாப்ள? எந்தக் கஷ்டத்தைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போகலாம், எதைத் தூக்கிக்கிட்டுப் போக முடியாதுன்னு அவனவனுக்குத்தான் தெரியும்" என்றார்.

இதோடு முடித்திருந்தால் இது நல்ல கதையாக இருந்திருக்கும். ஆனால் அதற்குப் பிந்தைய டூட்டி சார்ட் எல்லாம் நான் போட்டது. யாரைக் கேட்டாலும் முகம் சுளிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பெயரை எழுதினேன். ஆள் குறைந்த நாளில் அடுத்த ஷிப்டுக்கும் அவரையே இருக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சரி என்பார். அவருக்குத்தான் அந்த வேலை பிடிக்குமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிடித்துச் செய்கிறவனுக்கு அலுப்பு வராது என்று நான் மட்டுமல்ல, நாம் எல்லோருமே நம்பினோம். நம்ப வசதியாக இருந்தது.

ஆனையூர் வீட்டில் எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவர் மனைவியிடம் போய் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "அண்ணன் ஒரு நாளும் அலுத்துக்கிட்டதே இல்ல அண்ணி" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தானா வந்து சொல்லமாட்டாரு தம்பி. ஞாயித்துக்கிழமை வந்து காலைச் சுடுதண்ணியில வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருப்பாரு. முடியலையான்னு நான் கேட்டா, ஆமாம்பாரு. அங்க யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா உங்ககிட்டயும் சொல்லியிருப்பாரு."

அண்ணியின் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். என் சார்ட்டால்தான் அண்ணன் போனார் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர்கள் வேறு காரணம் சொன்னார்கள். இருந்தாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் நான் ஓய்ந்துபோனேன். அந்த ஓய்ச்சல் இன்னும் போகவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: எழுதுவதற்கு முன் ஆளைக் கேட்பது. எனக்கு அது இயல்பாக வருவதில்லை. இந்த வாரம் சார்ட் போடுமுன் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டேன். கேட்கும்போதே எனக்கு வியர்த்தது. கடைசியாகச் செல்வி வந்தாள். "ஞாயித்துக்கிழமை உன்னால முடியுமாம்மா?" என்று கேட்டேன். அன்று போனில் நான் கேட்ட கேள்வி அவள் மனதில் இருந்திருக்கும்.

"முடியலண்ணே."

சரி என்றேன். அவள் போன பிறகு, அந்த ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.