கதவைச் சாத்துங்க, போலாம்

என் தம்பி பல்கலைக்கழகத்தில் பயங்கரவாதம் பற்றிப் படிக்கிறான் என்று நான் சொன்ன அன்று, எங்கள் சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசை முழுக்கச் சிரித்தது.

"படிச்சு முடிச்சா என்ன வேலை கெடைக்கும்? குண்டு வைக்கிறதா?" என்றாள் பட்டன் மெஷின்காரி.

"எடுக்கிற வேலை" என்றேன் விறைப்பாக.

அதுவும் தப்பு என்று வீட்டில் அவன் திருத்தினான். "குண்டு எடுக்கிறது போலீஸ் வேலைக்கா. ஒருத்தன் அந்த அளவுக்கு எப்படிப் போறான், போனவன் எப்படித் திரும்பி வர்றான், அதைத்தான் நாங்க படிக்கிறோம்."

அம்மாவுக்கு இந்த வம்பே வேண்டாம். யார் கேட்டாலும் "ஏதோ சட்டம் மாதிரி" என்று சொல்லிவிடுவார். நான் எட்டாவதோடு நின்றவள். அவன் படிப்பின் பெயரை முழுதாகச் சொல்ல எனக்குச் சில வாரம் ஆயிற்று. சொல்ல வந்த பிறகு, கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

அவனைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். சின்ன வயதில் மற்ற பிள்ளைகள் கண்ணாடி டம்ளரை உடைத்தால் ஓடி ஒளிவார்கள். இவன் உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் பார்க்கும்வரை கதவோரம் நிற்பான்.

செக்கிங் மேசைக்கு அடுத்து என் பெருமை ஏறியது கம்பெனி வேனில்; தம்பி படிப்பைப் பற்றி அங்கேயும் சொன்னேன். வேன் ஓட்டியவரை எல்லாரும் டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய ஒரே மகள் பேக்கிங் பிரிவில் வேலை. அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "பள்ளம் தெரியலையாப்பா? கண்ணு எங்க இருக்கு?" என்று வழி முழுக்க அதட்டிக்கொண்டு வருவாள். அவருக்கு அந்த அதட்டல் பிடிக்கும். வாங்குவதற்காகவே பள்ளத்தில் விடுகிறாரோ என்று எங்களுக்குச் சந்தேகம்.

கடைசி ஆள் ஏறியதும், "கதவைச் சாத்துங்க, போலாம்" என்பார். வண்டி கிளம்ப மட்டுமில்லை. பின்சீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டாலும் அதேதான். மேனேஜர் திட்டியதை யாராவது திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாலும், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அதேதான். அழுதவளே சிரித்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "படிக்கிற தம்பி இருக்காரா?"

சமையலறையில் உட்கார்ந்து பேசினார்கள். நான் டீ வைத்தேன். போகச் சொல்லாததால் அங்கேயே நின்றேன். டிரைவர் அண்ணன் பத்தொன்பது வயதில் ஆயுதம் தூக்கிய ஒரு கூட்டத்தில் சேர்ந்திருக்கிறார். அப்போதும் வேன்தான் ஓட்டியிருக்கிறார். சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே ஒரு கட்டடத்தின் முன் நிறுத்திவிட்டு இறங்கி நடந்திருக்கிறார். அங்கிருந்த காவலாளி இறந்துபோனார். பிறகு கூட்டத்தை விட்டு வெளியே வந்து, பிடிபட்டு, சிறை இருந்து, யாருக்கும் தெரியாத ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

"எதுக்கு இப்ப சொல்றீங்க?" என்று தம்பி கேட்டான்.

"யாருகிட்டயாவது சொல்லணும்ல? நீங்க இதைப் படிக்கிறீங்களாம். டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி வெச்சுக்கங்க." டீயைக் கீழே வைத்தார். "எம் பொண்ணுக்கு மட்டும் தெரியக் கூடாது. அது ஒண்ணுதான்."

"பேரு, ஊரு எதுவும் வராதுண்ணே. சத்தியமா."

அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் வந்தார். தம்பி போனில் பதிவு செய்துகொண்டான். யார் புத்தி சொல்லி வெளியே வந்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார்.

"புத்தியா? எனக்கு ராத்திரி பகலா பல்வலி. பொறுத்துக்கோ, போராட்டம்னா வலிக்கத்தான் செய்யும்னாரு தலைவர். அடுத்த மாசம் அவருக்கு வலிச்சுது. டாக்டரையே கூட்டிட்டு வந்துட்டாங்க. நான்தான் வண்டி ஓட்டினேன். அவரு வாயைத் தொறந்து படுத்திருக்கிறதைப் பாத்தேன். எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், கதவைச் சாத்துங்க, போலாம்."

அன்று தம்பிக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில். "ஆயுதத்தை விடறது வேற, கொள்கையை விடறது வேறக்கா. எல்லாரும் மனசு மாறின கதையைத் தேடுறாங்க. இவரு பல்வலியில வெளிய வந்திருக்காரு. மனசு மாற அப்புறம் வருஷக்கணக்கா ஆயிருக்கு. எந்தப் புத்தகத்துலயும் இப்படி ஒரு வரி இல்ல."

அவர் தனக்கே சொல்லிக்கொண்ட அந்த வரியையே கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தான். எழுதி முடித்ததும் என்னிடம் கொடுத்தான். "நீ சட்டையில குறை பாக்குற மாதிரி பாரு. ஆளை அடையாளம் தெரியுற மாதிரி ஏதாவது இருக்கா?"

வரிவரியாகப் பார்த்தேன். அவர் விரலில் இருந்த தழும்பைப் பற்றிய வரியை எடுக்கச் சொன்னேன். மகளை மகனாக்கச் சொன்னேன். வேன் லாரி ஆனது. தலைப்பையும் படித்தேன். அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். தினமும் காதில் விழுவது கண்ணில் படவில்லை. அவனோ ஒரு நாளும் அந்த வேனில் ஏறியதில்லை. அந்த நிமிஷத்தில் பிறந்த வார்த்தை என்று நினைத்துக்கொண்டான்.

கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. துறையில் அதைச் சின்னப் புத்தகமாகப் போட்டார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேசை நடுவே புத்தகத்தை வைத்து, தலைப்பை உரக்கப் படித்தேன்.

"அடிப்பாவி, நம்ம டிரைவர் அண்ணன்!" என்று பட்டன் மெஷின்காரி கைதட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். "அவரைப் பத்தியா எழுதியிருக்கான்? குடு, குடு."

நான் கையை நீட்டுவதற்குள் புத்தகம் மேசை மாறியது. சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தவள் பாதிப் பக்கத்தில் சிரிப்பை நிறுத்தினாள். அடுத்த மேசையிலிருந்து அவர் மகள் எழுந்து வந்து, "எங்கப்பா பத்தியா? காட்டுங்கக்கா" என்று வாங்கிக்கொண்டாள். நின்றபடியே கடைசிவரை படித்தாள். மகன் என்று இருந்த இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். நான் டிபன் பாக்ஸை மூடினேன்.

சாயங்காலம் அவள் வேனில் ஏறவில்லை. பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். அவர் கண்ணாடியில் அவள் போவதைப் பார்த்தார், காலி சீட்டைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார். அப்புறம் பழக்கத்தில் அந்த வார்த்தையைச் சொன்னார். யாரும் கதவைத் தொடவில்லை. அவரே இறங்கி வந்து சாத்தினார்.

அந்த வாரமே கம்பெனிக்கு வண்டி விடும் ஒப்பந்தக்காரர் அவரைத் துணி மூட்டை ஏற்றும் வண்டிக்கு மாற்றிவிட்டார். காரணம் எதுவும் சொல்லவில்லை.

தம்பியின் பேராசிரியர், விதிப்படி எல்லாம் மறைத்தாகிவிட்டது, உன் மேல் தப்பில்லை என்று சொன்னாராம். அவன் கேட்டுக்கொண்டு நேராகக் குடோனுக்குப் போனான். நானும் கூடப் போனேன். மூட்டைகளுக்கு நடுவே டிரைவர் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாத்தையும் மாத்தினேண்ணே..." என்று ஆரம்பித்தான்.

"பேரை மாத்தினே தம்பி. என் வாயை மாத்தலையே."

"நான்தாண்ணே படிச்சுக் காட்டினேன். அவன் இல்ல" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "வீட்டுல அவ பேசறதில்ல. பள்ளத்துல விட்டாக்கூடத் திட்ட ஆளில்ல."

தம்பி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "உங்க பொண்ணு நேத்து என்னைப் பாக்க வந்தாங்கண்ணே. பதிவைக் கேக்கணுமாம். அப்பா எங்கிட்ட சொல்லாததை உங்ககிட்ட எந்தக் குரல்ல சொன்னாருன்னு கேக்கணும்னாங்க. உங்களைக் கேக்காம தர மாட்டேன்னேன்."

அவர் வெகுநேரம் மூட்டைக் கயிற்றை இழுத்து இழுத்து இறுக்கினார். "குடுக்காதே. அவளுக்குச் சொல்லணும்னா நான்தான் சொல்லணும். போன்ல இருந்து கேட்டா, அது உங்கிட்ட சொன்னதாத்தான் இருக்கும்."

"அப்ப அழிச்சிடறேன்."

"உன் படிப்பு?"

"வேற எழுதறேன்."

அவர் முன்னாலேயே ஒவ்வொன்றாக அழித்தான். ஒவ்வொரு தடவையும் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினான். உடைந்த துண்டோடு நின்ற அதே முகம். பரிசைத் திருப்பிக் கொடுத்தான். துறையில் எஞ்சிய புத்தகங்களையும் எடுக்க வைத்தான். வெளியே போனவற்றை என்ன செய்ய முடியும்? பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது டிரைவர் அண்ணன், "இன்னைக்குச் சொல்லிப் பாக்கறேன்" என்றார். எங்களிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அவள் இன்னும் பஸ்ஸில்தான் வருகிறாள். போன வாரம் கேட் அருகே மூட்டை வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த அவள் நின்றாள். வாயைத் திறந்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். வண்டிக்குள் அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, எஞ்சினை அணைக்காமல் அங்கேயே இருந்தார்.

வீட்டில் தம்பியிடம் இதைச் சொன்னேன். "வாயைத் தொறந்தாங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னான்.