தெருவை அழகாக்கிய சங்கம்

கடைத்தெருச் சங்கத்துக்குக் கூட்டக் குறிப்பெடுப்பது சம்பளமில்லாத வேலை. ஏச்சு மட்டும் ஒழுங்காகக் கிடைக்கும்.

தொண்ணூறுகளில் லண்டனில், மிச்சம் என்ற பகுதியில், எங்கள் மளிகைக்கடை இருந்த தெருவில் அப்படியொரு சங்கம் முளைத்தது. தெருவை அழகாக்க ஒவ்வொரு கடையும் மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கடை வாசலில் மரக்கறி பரப்ப அனுமதி இல்லை. எங்கள் வியாபாரமோ அந்த வாசலில்தான். கொன்வென்ட் இங்கிலீஷ் தெரிந்த குற்றத்துக்காக இவர் என்னைக் குறிப்பெடுக்க அனுப்பிவைத்தார். புருஷனின் கடைக்காகக் கூட்டங்களில் குந்தியிருந்த சகோதரிகளே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

பூக்கூடை

முதல் திருப்பணி, விளக்குக் கம்பங்களில் பூக்கூடை தொங்கவிட்டது. விடிய ஒருவன் வந்து நீளக் குழாயால் தண்ணீர் விடுவான். பூக்குப் பாதி, எங்கள் வெங்காய மூட்டைக்குப் பாதி. சங்கத் தலைவர் வீடு விற்கும் தரகர், வெள்ளைக்காரர். அவரைக் கூட்டிக்கொண்டு போய் அழுகிய மூட்டையைக் காட்டினேன். மனுஷன் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: “ஆனால் மேடம், பூ எவ்வளவு செழிப்பாக இருக்கிறது, பார்த்தீர்களா?”

எங்கள் முறை

வீடியோக் கடை தம்பு அண்ணை மட்டும் முகம் சுளிக்காமல் முதல் ஆளாகக் கட்டுவார். ஊருக்குள் ஒரு நல்ல பிரஜை என்று நானும் நம்பினேன். ஒருநாள் எங்கள் கடைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். “தங்கச்சி, மகளுக்கு ஆவணியில கலியாணம். சீட்டை எனக்கு ஆனியில எடுத்துத் தர ஏலுமோ?”

பாவம், இவ்வளவு நாளும் சீட்டென்று நினைத்தே கட்டியிருக்கிறார். இது திரும்பி வராத காசு அண்ணை என்று விளங்கப்படுத்தினேன். அரிசி மூட்டை மேல் அப்படியே குந்திவிட்டார். பிறகு கேட்டார்: “சீட்டுப் பிடிக்கிறவன் காசோட ஓடினா கள்ளன். இவையள் ஓடாமல் நிண்டே எடுக்கினமே, இவையளுக்கு என்ன பேர்?”

மூலைக்கடை

கொஞ்சக் காலத்தில், கட்டணத்தை மறுபடி மதிப்பிட ஒரு ஆலோசகர் வந்தார். இனிக் கடை முகப்பின் நீளத்துக்கு ஏற்பக் கட்ட வேண்டுமாம். எங்களுடையது மூலைக்கடை. பக்கச் சுவரையும் முகப்பென்று அளந்து, கட்டணத்தை இரட்டிப்பாக்கினார். கட்டினால் இலாபம் போகும், கட்டாவிட்டால் வாசல் போகும். அந்தப் பக்கம் குப்பைத்தொட்டி மட்டும்தானே என்று பாய்ந்தேன். அவர் புன்னகை மாறாமல் சொன்னார்: “அதற்குப் பச்சை வர்ணம் அடித்தது சங்கம்தானே, மேடம்?”

வாக்கெடுப்பு

புதுக் கட்டணத்தோடு சங்கம் தொடர வேண்டுமா என்று முடிவெடுக்கக் கூட்டம். நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். தமிழ்க் கடை வைத்திருந்த எங்கள் ஆட்கள் எல்லாரும், “ஓம் அக்கா, இந்தமுறை இல்லையெண்டுதான் சொல்லுவம்” என்றார்கள். தலைவர் வாசலிலேயே நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, தேத்தண்ணியும் கேக்கும் தந்தார். பிறகு, “தொடர விரும்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள்” என்றார். தம்பு அண்ணை ஒருவரைத் தவிர எங்கள் ஆட்கள் அத்தனை பேரின் கையும் மேலே. முன்வரிசையில் என் புருஷனுடைய கையும். குறிப்பெடுப்பவளுக்கு வாக்கில்லை, நான் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில், “ஏன் தூக்கினீங்கள்?” என்றேன். இவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: “அந்த மனுசன்ரை கேக்கைத் திண்டுபோட்டு, முகத்துக்கு நேரை எப்பிடியப்பா இல்லையெண்டிறது?”

இரட்டிப்புக் கட்டணம் கட்ட ஏலாமல் மரக்கறியை நாங்கள் உள்ளே எடுத்த பிறகு தெரு மெய்யாகவே அழகாக இருந்தது. சாமான் வாங்கத்தான் ஒருவரும் நிற்கவில்லை.