காறையெலும்பு தெரிந்த படம்

பச்சை முட்டையின் வெடுக்கு மூக்கில் ஏறும் விதம் ஒன்று, நல்லெண்ணெய் அதன் பின்னால் தொண்டையில் இறங்கும் விதம் இன்னொன்று. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு குசினி வாசலில் நின்று, முட்டையின் நுனியைத் தட்டி உடைத்து அப்படியே வாய்க்குள் ஊற்றி விழுங்கிவிட்டு, வெறும் கோதை நீட்ட வேண்டும்; அந்தக் கோது நிறைய அம்மா நல்லெண்ணெய் வார்ப்பாள்; அதையும் ஒரே மடக்கில் குடிக்க வேண்டும். குமட்டிச் "சத்தி" வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும். பெண்பிள்ளை பெரியவளானதும் எங்கள் பக்கத்தில் எல்லா வீடுகளிலும் இதைக் கொடுப்பார்கள், சில கிழமைகளில் முடிந்துவிடும். என் அக்காவுக்கு மட்டும் பத்தொன்பது வயதில் அது இரண்டாந்தரம் தொடங்கியது. இந்த முறை அது ஒரு புகைப்படத்துக்காக.

இப்போது அந்த முட்டையையும் எண்ணெயையும் பற்றிப் பெருமையாக எழுதுகிறார்கள். எங்கள் முன்னோர் பெண்களின் உடம்பை எப்படிப் பேணினார்கள், இடுப்பெலும்புக்கு என்ன பலம், தோலுக்கு என்ன மினுக்கம் என்று வண்ணப் படங்களோடு போடுகிறார்கள். வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுதுகிறவர்களில் எத்தனை பேர் அதைக் குடித்தவர்கள் என்று கேட்கத் தோன்றும். குடிக்காதவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அக்காவின் பெயர் சுகந்தி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போருக்கு நடுவே, சண்டிலிப்பாயில் எங்களைப் பெற்ற ஐயா வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்துகொண்டிருந்த காலம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அக்கா ஓடுவாள். இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சில பிள்ளைகள் பாடுவார்கள், சில பிள்ளைகள் படிப்பார்கள், அவள் ஓடுவாள். சுண்ணாம்பு கிடைக்காமல் அடுப்புச் சாம்பலை அரித்துக் கோடு போட்ட பள்ளிக்கூட மைதானத்தில், சப்பாத்தில்லாத காலோடு, நானூறு மீற்றரின் கடைசி வளைவில் அவள் மற்றவர்களைத் தாண்டி வரும்போது பார்த்துக்கொண்டு நிற்கும் எங்களுக்குத்தான் மூச்சு முட்டும். மெலிந்து நீண்ட உடம்பு, வெயிலில் கறுத்த கைகள், இறுகித் திரண்ட கெண்டைக்கால். அந்த வருடம் அவள் மாவட்டப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தாள். பின்னேரங்களில் தோட்டத்து வரம்புகளில் ஓடிப் பழகுவாள். இறைப்பு முடித்து வரும் ஐயா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவள் திரும்பி வரும்வரை நின்று பார்ப்பார்.

அம்மாவுக்கு அந்த உடம்பு கண்ணில் குத்தியது. "ஆம்பிளையின்ரை கெண்டைக்கால் மாதிரிக் கிடக்கு, இதை ஆர் கட்டுவான்?" என்று, அக்கா குளித்துவிட்டு வரும்போதெல்லாம் காலைப் பார்த்துச் சொல்வாள். அம்மாவைப் பொறுத்தவரை வடிவு என்றால் "மொழுமொழுவெண்டு" இருப்பது. முகம் வட்டமாக, கன்னம் ஒட்டாமல், கழுத்துக்குக் கீழே எலும்பென்று ஒன்று இருப்பதே தெரியாமல். குமர்ப்பிள்ளையை வீட்டில் வைத்திருந்த எல்லாத் தாய்மாரையும் போல அவளும் பயந்துகொண்டிருந்தாள். ஊர்ப் பொடியன்களில் பாதிப்பேர் வெளிநாடு போயிருந்தார்கள், மீதிப்பேர் எங்கே என்று கேட்கக்கூடாது. வானத்தில் "பொம்பர்" இரைந்தால் எங்களைப் பதுங்குகுழிக்குள் தள்ளிவிட்டுத்தான் அவள் இறங்குவாள். மூத்தவளை எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே நினைப்பு. அப்படியிருக்கும்போதுதான் தரகர் கனடாவிலிருந்த ஒரு மாப்பிள்ளையின் பேச்சைக் கொண்டுவந்தார்.

கனடா மாப்பிள்ளைக்கு அப்போது பெண் பார்த்த முறையைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்களிடம் தொலைபேசி இல்லை, மின்சாரம் இல்லை, தபால் வந்தால் வரும். தரகர் பெண்ணின் படத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு, கிளாலிக் கடலைப் படகில் தாண்டி, வவுனியா போய், கொழும்பு போய், அங்கிருந்து படத்தைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு, மறுமொழி தொலைபேசியில் வரும்வரை வெள்ளவத்தையில் ஓர் அறையில் காத்திருந்து, அதே கடலால் திரும்பி வருவார். கடற்படையின் சூட்டுக்கு நடுவே அந்தக் கடலில் இறங்கியவர்களில் எத்தனையோ பேர் கரை சேர்ந்ததில்லை. அப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த மனிதர் எங்கள் விறாந்தையில் வந்திருந்து, தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு அம்மாவிடம் சொன்ன செய்தி இது: "பெடியனுக்கு முகம் பிடிச்சிருக்குதாம் பிள்ளை. ஆனால் காறையெலும்பு தெரியுதாம். சாப்பாடில்லாத வீட்டுப் பிள்ளை மாதிரிக் கிடக்காம். கொஞ்சம் உடம்பு பிடிச்ச பிறகு இன்னொரு படம் அனுப்பட்டாம்."

சாப்பாடில்லாத வீடு! சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணீர் குடித்தோம், சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம், மண்ணெண்ணெய்க்கு வழியில்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் சொட்டுச் சொட்டாக எரித்துப் படித்தோம். இதெல்லாம் அவனுக்குத் தெரியும், அவனும் இங்கிருந்து போனவன்தான். தெரிந்துகொண்டே, குளிரூரில் ஒரு கதிரையில் சாய்ந்திருந்து, என் அக்காவின் கழுத்துக்குக் கீழே விரலை வைத்துக் குறை சொன்னான். எனக்கு அவன் முகத்தில் துப்ப வேண்டும் போலிருந்தது. அம்மாவுக்கோ வெட்கம்தான் வந்தது. அன்றைக்கே கோழிக்கூட்டில் முட்டை தேடத் தொடங்கினாள்.

முட்டையை விற்று உப்புப் புளி வாங்கிக்கொண்டிருந்த வீடு அது. மறுநாளிலிருந்து முட்டை முழுவதும் அக்காவுக்கு. காலையில் முட்டையும் எண்ணெயும், பிறகு உழுத்தம்மாக் களி, அந்தக் களியின் நடுவில் குழி பறித்து மறுபடியும் எண்ணெய், மத்தியானம் குவித்துப் போட்ட சோறு, பின்னேரம் மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பூவும். ஓட்டம் நிறுத்தப்பட்டது. "திண்டதெல்லாம் ஓட்டத்திலை கரைஞ்சு போகுது. கண்டறியாத ஓட்டம்!" என்றாள் அம்மா. தண்ணீர் அள்ளக்கூடாது, கை முறுகிவிடும். வெயிலில் இறங்கக்கூடாது, கறுத்துவிடும். பக்கத்து வீட்டு மாமி வரும்போதெல்லாம் அக்காவின் மேற்கையைக் கிள்ளிப் பார்த்து, "இப்ப கொஞ்சம் தசை பிடிக்குது" என்று அம்மாவுக்கு அறிக்கை கொடுப்பாள். ஆட்டைக் கூட விலை பேசும்போதுதான் அப்படிக் கிள்ளிப் பார்ப்பார்கள். நான் ஒருநாள் ஆத்திரத்தில் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுபோய் வாழைமரத்தடியில் கவிழ்த்தேன். அம்மா பூவரசங் கம்பை முறித்து அடித்தாள். அடுத்த காலையில் எங்கிருந்தோ இரவல் வாங்கிய எண்ணெய் வந்துவிட்டது.

விளையாட்டு ரீச்சர் சைக்கிளில் வீடு தேடி வந்தார். மாவட்டப் போட்டி கிட்டத்தில் வந்திருந்தது. "இவள் ஓடினால் முதலிடம் எங்கடை பள்ளிக்கூடத்துக்குத்தான் அம்மா, ஒருக்கால் விடுங்கோ" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். அம்மா அவரை மரியாதையாக இருத்தி, தேத்தண்ணீர் கொடுத்து, "கலியாணம் பேசியிருக்கிறம் ரீச்சர். இனி ஓடிக் கப் வாங்கி என்னத்துக்கு?" என்றாள். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஐயாவைப் பார்த்தாள். ஐயா முற்றத்தில் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார். வரம்பில் மண்வெட்டியோடு நின்று அவள் ஓட்டத்தைப் பார்த்த மனிதர். அவர் ஒரு சொல் சொன்னால் போதும், அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தலையை நிமிர்த்தாமல், "அம்மா சொல்லுறதைக் கேள், பிள்ளை" என்றார். என் வாழ்நாளில் நான் ஐயாவை வெறுத்தது அப்போதுதான்.

எப்போதும் அக்காவுக்குப் பின்னால் இரண்டாவதாக வரும் பிள்ளை அந்தப் போட்டியில் ஓடி முதலாவதாக வந்தாள். பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் களிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "அவள் கடைசி வளைவிலை இடக்கையை அகட்டுவாள். அதைத் திருத்தினவளோ?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

சில மாதங்களில் காறையெலும்பு மறைந்தது. கன்னம் ஊதியது. கிணற்றடிக்குப் போய் வந்தாலே அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அம்மாவுக்கு இதுவும் போதவில்லை, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. இரண்டாவது படம் எடுக்கச் சுன்னாகம் போன அன்று, ஐயா வழக்கமாக வெங்காயம் போடும் கடைக்கு அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். சந்தை கலைந்த மத்தியானம். மூடை நிறுக்கும் தராசில், சருகும் மண்ணும் ஒட்டியிருந்த அந்தப் பலகையில், சேலை உடுத்து, பூ வைத்து, பவுடர் போட்டிருந்த என் அக்கா ஏறி நின்றாள். முதலாளி நிறையைச் சரிபார்த்துவிட்டு, "எங்கடை வெங்காயம் இருக்க இருக்க நிறை குறையும் அக்கா. உங்கடை பிள்ளை பரவாயில்லை" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். மூடை சுமக்கிற இரண்டு பேர் சாக்கை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. அந்தத் தராசை அடித்து நொறுக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

அங்கிருந்து ஸ்ரூடியோவுக்குப் போனோம். மின்சாரம் இல்லாததால் பின்வளவில் நீலத் திரை கட்டி, வெயில் வெளிச்சத்தில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். பிலிம் தட்டுப்பாடு, ஆகவே ஒருவருக்கு ஒருதரம்தான். "சிரியுங்கோ தங்கச்சி" என்றார் படக்காரர். அக்கா சிரித்தாள். வட்ட முகம், எலும்பில்லாத கழுத்து என்று அம்மா ஆசைப்பட்ட அத்தனையும் அந்தப் படத்தில் இருந்தது.

தரகர் மறுபடியும் கடலைத் தாண்டினார். திரும்பி வந்தபோது மழைக்காலம் தொடங்கிவிட்டது. இந்த முறை தேத்தண்ணீரைத் தொடாமல் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "தடிப்பாம் பிள்ளை" என்றார் கடைசியில். "அங்கை இருக்கிற பெட்டையள் எல்லாம் மெலிவாம். பெடியனும் இப்ப ஜிம்முக்குப் போறானாம். முதற் படத்திலை இருந்த மாதிரி வந்தால் யோசிக்கலாமாம்."

இதைக் கேட்டால் யாராக இருந்தாலும் தரகரை வாசலைக் காட்டி அனுப்பியிருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா தேத்தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "எவ்வளவு நாள் தருவினம்?" என்று கேட்டாள்.

மறுநாள் விடியுமுன்னே அக்காவை எழுப்பினாள். முட்டை நின்றது, களி நின்றது. வெந்நீரும் தேசிக்காய்ப் புளியும் வந்தன, சோற்றுக்குப் பதிலாகக் குரக்கன் ரொட்டி என்று தீர்மானமானது. கிணற்றுக் கயிற்றின் பழைய துண்டொன்று துள்ளிக் கயிறடிப்பதற்காக வெட்டி வைக்கப்பட்டிருந்தது. கிடுகு வேலிக்கு உள்ளே, வெளியில் யார் கண்ணிலும் படாமல், வளவைச் சுற்றி அக்கா ஓட வேண்டும். கண்டறியாத ஓட்டம் என்று சொன்ன அதே வாய் இப்போது "ஓடு பிள்ளை" என்றது.

அக்கா குசினிப் படியில் இருந்தாள். முதல்நாள் மிஞ்சிய சோற்றுச் சட்டியை எடுத்து மடியில் வைத்து, பழங்கறியைக் குழைத்து, அவசரமில்லாமல் ஆறுதலாகச் சாப்பிடத் தொடங்கினாள்.

"ஓடு எண்டு சொல்லுறனெல்லோ!" அம்மா கத்தினாள்.

"எனக்கு ஓடத் தெரியாது அம்மா" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "ஓடத் தெரிஞ்சவளை நீங்கள் சாப்பாடு தீத்தித் தீத்தி முடிச்சுப் போட்டியள். நான் சாப்பிடுற பிள்ளை. என்னைச் சாப்பிட விடுங்கோ."

ஐயா கிணற்றடியில் வாளியை மறுபடியும் கிணற்றுக்குள் இறக்கினார். அம்மா கயிற்றை எறிந்துவிட்டு நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். அக்கா சட்டியை வழித்துச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினாள்.

கனடாப் பேச்சு அத்தோடு போயிற்று. கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்த ஒருவர், படம் எதுவும் கேட்காமல் நேரில் வந்து பார்த்து, அக்காவைக் கட்டினார். நல்ல மனிதர். தொண்ணூற்றைந்தில் இராணுவம் வருகிறதென்று ஊர் முழுவதும் ஒரே தெருவால் சாவகச்சேரிப் பக்கம் போனபோது, வயிற்றில் முதற்பிள்ளையோடு அக்காவும் நடந்தாள். கெதியாய் வா, கெதியாய் வா என்று எல்லோரும் அவசரப்படுத்தினோம், அவள் தன் பாட்டுக்குத்தான் நடந்தாள். அம்மாவின் பயம் எனக்கு இப்போது விளங்குகிறது. நானும் பெண்பிள்ளை பெற்றவள். ஆனால் விளங்கியதால் கோபம் குறையும் என்று யார் சொன்னது? பயத்தில் பிள்ளையைப் பதுங்குகுழிக்குள் தள்ளியதை ஆயிரம் தரம் மன்னிப்பேன். தராசில் ஏற்றியதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

இன்று அம்மாவும் இல்லை, ஐயாவும் இல்லை. சுன்னாகத்தில் அந்த வெங்காயக் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். ஸ்ரூடியோவும் மூடியாயிற்று, இப்போது இடுப்பை ஒடுக்கவும் முகத்தை வெளுப்பாக்கவும் அவரவர் விரலே போதும். பெண்களுக்கென்று ஒரு ஜிம் வந்திருக்கிறது. கண்ணாடிக்கு உள்ளே பெட்டைகள் நின்ற இடத்திலேயே ஓடுகிறார்கள். யாருக்காக ஓடுகிறீர்கள் என்று உள்ளே போய்க் கேட்க வேண்டும் போலிருக்கும். தங்களுக்காக என்று அவர்கள் சொன்னால் எவ்வளவோ சந்தோஷப்படுவேன். போனவற்றில் எனக்குக் கவலை ஒன்றுக்காகத்தான்: கடைசி வளைவில் அக்கா மற்றவர்களைத் தாண்டி வந்த அந்த ஓட்டம். அதை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை.

அக்காவுக்கு இப்போது சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, முழங்காலில் ஓயாத நோ. நிறையைக் குறைக்காவிட்டால் கரைச்சல் என்று டொக்டர் சொல்லிவிட்டார். போன மாதம் கொழும்பிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது, வெயில் தாழ்ந்த பிறகு, அவளுடைய செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்தேன்.

"வா அக்கா, குளத்தடி மட்டும் நடந்திட்டு வருவம். கொஞ்சம் மெலிஞ்சால் உனக்குத்தானே நல்லது" என்றேன்.

அவள் கதிரையை விட்டு எழும்பவில்லை. செருப்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இப்ப ஆருக்கடி படம் அனுப்பப் போறாய்?" என்றாள்.